எட்டு நான்கு ஆ

மார்ச் கடைசி வாரம்.
ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது.
அட்டை ஆலையின் மூன்றாவது மாடியில்
எனக்கு நூற்று எண்பத்தேழு கேள்விகள்.

லண்டன்காரர்கள் தண்ணீரைக் கன மீட்டரில் கேட்டார்கள்.
ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அதே தண்ணீர்
ஒரு யூரோ வருமானத்துக்கு எத்தனை லிட்டர் என்று வேண்டும்.
பாஸ்டனுக்கு எண்ணே வேண்டாம்:
கொள்கை இருக்கிறதா,
இயக்குநர் குழு கையெழுத்திட்டதா,
இணையதளத்தில் எந்தப் பக்கம்.
ஒரே குழாயின் ஒரே நீர்
ஓரிடத்தில் முதல் வகுப்பு,
ஓரிடத்தில் தேர்ச்சி,
இன்னோரிடத்தில் 'முன்னேற வாய்ப்பிருக்கிறது'.

பல்லுயிர்க் கொள்கை உண்டா?
உண்டு. இருபத்திரண்டு பக்கம்.
முகப்பில் ஆந்தை,
நார்வேக்காரர் யாரோ விற்ற படம்.
எங்கள் காட்டில் அந்த ஆந்தை இல்லை.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
உதவும்.
இங்கே அதற்குப் பதினெட்டு மதிப்பெண்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆலோசகர் வந்திருந்தார்,
ஷூர்ட் வியர்ஸ்மா.
நல்ல மனிதர். விமானம் ஏறமாட்டார்,
ரயிலும் கப்பலுமாய் மூன்று நாள்.
சொந்தக் கோப்பையைப் பையிலேயே வைத்திருப்பார்.
"இல்லை என்று எழுதாதே, ரைலி.
இன்னும் இல்லை என்று எழுது.
அந்த 'இன்னும்' அரை மதிப்பெண்."

கற்றுக்கொண்டேன்.
போன முறை பி.
இம்முறை ஏ வந்தால்
வட்டியில் கால் சதவீதம் குறைப்பதாக வங்கி சொல்லியிருந்தது.
கால் சதவீதம் என்றால் புதிய கொதிகலன்.
புதிய கொதிகலன் என்றால்
உண்மையாகவே புகை குறையும்.
இரவில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதைத்தான்.
பொய்யில்லை.
முழுக் கணக்கும் இல்லை.

எட்டு நான்கு ஆ:
கழிவுநீர், ஆண்டுச் சராசரி.

முந்தைய ஜூலை ஒன்பது, பன்னிரண்டாம் வால்வு,
இரவு பதினொன்றிலிருந்து விடிகாலை ஐந்து வரை.
அதில் அளவுக்கருவி பொருத்தச் சொன்னவள் நான்.
பொருத்தாத ஆலைகளில்
அன்றிரவு ஒன்றுமே நடக்கவில்லை.
அதிகாரிக்குச் சொல்லியாயிற்று, அபராதமும் கட்டியாயிற்று.
இவர்கள் கேட்பது சராசரி.
ஆறு மணி நேரத்தை
எட்டாயிரத்து எழுநூற்று அறுபதுக்குள் விட்டால்
கடலில் கரைத்த பெருங்காயம்.

ஆனால் அன்று காலை
பக்கத்து வீட்டு வில்யோ கர்வோனென்
படகில் போய்க் கூடைவலையால் அள்ளி அள்ளி
நாலு வாளி கொண்டுவந்து
தன் உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்தார்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
செப்டம்பரில் என் வாசலில்
ஒரு பை கிழங்கு இருந்தது.
அப்படிப் பெருத்த கிழங்கை நான் கண்டதில்லை.
வேகவைத்தேன். வெண்ணெய் போட்டேன்.
தின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

படிவத்தின் அடியில் ஒரு பெட்டி:
கூடுதல் தகவல், விருப்பமிருந்தால்,
ஐந்நூறு எழுத்துக்குள்.
மதிப்பெண் கிடையாது.
தேதி, வால்வு, நேரம், மீன், நாலு வாளி.
கிழங்குக்கு இடமில்லை.
மீதம் பதினொன்று என்றது திரை.
ஷூர்டிடம் காட்டாமல் அனுப்பினேன்.

டிசம்பரில் ஏ வந்தது.
கேன்டீனில் கேக், மேலே கிரீமில் அந்த எழுத்து.
நிர்வாக இயக்குநர் அதன் குறுக்குக்கோட்டை வெட்டி
என் தட்டில் வைத்தார்.
இனிப்பாகத்தான் இருந்தது.

அன்று மாலை ஒரு மின்னஞ்சல்.
வார்சாவிலிருந்து போகுமிவா என்றொரு பெண்,
நாளுக்கு நாற்பது நிறுவனங்களைப் படிக்கிறவள்:
"இது மதிப்பீட்டில் சேராது.
சும்மா கேட்கிறேன்.
என்ன மீன்?"

மூன்று மணிக்கே இருட்டிவிட்டிருந்தது.
விரலில் கிரீம் பிசுக்கு.
துடைத்துவிட்டு எழுதினேன்:
முய்க்கு.
ஒரு சாண்கூட இருக்காது.
வெள்ளி நிறம்.
பகலெல்லாம் ஆழத்தில் கிடக்கும்.
இரவில்தான் மேலே வரும்.