பாரமான செற்

சம்பளம் விழுந்த சனிக்கிழமை
கிளிநொச்சியில் கண்டி வீதிக் கடையொன்றில்
சுகுணரதியும் நானும் ஏறினோம்.
கவச உடுப்பும் முகக்கண்ணாடியும் இல்லாமல்
அவளைச் சேலையில் பார்த்து
யாரோ என்று தாண்டிப்போய்
திரும்பி வந்தேன்.

கிழமைக்கு ஐந்து நாள்
சிவப்புத்தடிக்கு இப்பால் முழங்கால் குத்தி
ஒரு துருவாணிக்கும் தகரத்துண்டுக்கும்
மூச்சைப் பிடிக்கிற ஆட்கள் நாங்கள்.
இங்கே சுவர் முழுக்க உலோகம்
விலைத்துண்டு தொங்க
வெளிச்சத்தில் நிற்கிறது.

"அக்கா, இதைப் பாருங்கோ,
சின்ன விரலாலையே தூக்கலாம்"
என்றான் கடைப்பெடியன்.
தூக்கினேன். பொய்யில்லை.
வீட்டிலிருக்கும் அலுமினியச் சட்டியும் அப்படித்தான்,
உரப்பையில் போட்டால் முதுகுக்குத் தெரியாது.
எத்தனை ஊர் அடுப்பில் ஏறியது என்று
நான் எண்ணவில்லை.
அடி நெளிந்து, எங்கே வைத்தாலும்
ஒரு பக்கம் ஆடும்.

"பாரமானது இல்லையோ தம்பி?"
முழித்தான்.
பாரம் கேட்டு வந்த சனத்தை
அவன் முன்பு கண்டிருக்க மாட்டான்.

ஏணி வைத்து மேல்தட்டிலிருந்து இறக்கினான்.
மூன்று படை அடி.
பிடி ஒட்டினதில்லை, ஆணி அறைந்தது.
பெரிய பானைக்குக் கண்ணாடி மூடி.
திறக்காமலே உள்ளே பார்க்கலாம்.
அந்த மூடியை நான்
கொஞ்சம் கூட நேரம் கையில் வைத்திருந்தேன்.
எட்டுச் சாமான்
முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.

சுகுணரதி கைப்பையைத் துழாவி
பழைய றேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்தாள்.
நல்ல எவர்சில்வரில் ஒட்டாதாம்.
சட்டியின் வயிற்றில் வைத்தாள், வழுகி விழுந்தது.
அடியில் வைத்தாள்,
டிக்.
இருவரும் ஒன்றாகக் கையை இழுத்தோம்.
பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.
"அது கரண்ட் அடுப்புக்கெண்டு வைச்ச அடி அக்கா,
நல்ல சாமான்" என்றான் பெடியன், பயந்துபோய்.
எங்கள் இரண்டு குசினியிலும் விறகு.

விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன்.
மெல்லிய சட்டி வாயாடி மாதிரி நெடுநேரம் கத்தியது.
இது "ம்" என்றது, அவ்வளவுதான்.
இதுதான் என்றேன்.

தனியாய் வாங்க ஒருவரிடமும் காசில்லை.
"செற் உடைக்கேலாது" என்றார் முதலாளி.
சரி என்று வாங்கி
அவர் கடை வாசலிலேயே உடைத்தோம்.
அவளுக்கு மூன்று பெடியள், பெரிய பானை அங்கே போகட்டும்.
கண்ணாடி மூடியும் அதோடு போனது.
தாச்சி எனக்கு. பால்சட்டி எனக்கு.
ஆவித்தட்டு ஒன்றுதான்.
கிழமை மாறி கிழமை என்று தீர்த்தும்
பரந்தன் தாண்டும்வரை பஸ்ஸுக்குள் பிணக்கு.
முரசுமோட்டையில் அவள் இறங்கும்போது
முதல் கிழமை புட்டு அவள் வீட்டில் என்றாகிவிட்டது.
பில்லின் பின்பக்கக் கணக்குப்படி
நான் இன்னும் தொள்ளாயிரம் கொடுக்க வேண்டும்.

தருமபுரத்தில் அன்றிரவு
முதல் கறியே அடிப்பிடித்தது.
விறகை இழுத்த பிறகும்
சூட்டை விடமாட்டேன் என்று நின்றது தாச்சி.
லேசான சட்டிக்குப் பழகின கை,
கொஞ்ச நாள் எடுக்கும்.
கரி பிடியாமலிருக்க
வெளியே சவுக்காரம் பூசவும் மறந்துவிட்டேன்.
ஒரே நாளில் பளபளப்புப் போய்
வீட்டுச் சாமானாகிவிட்டது.

அலுமினியச் சட்டியை எறியவில்லை.
பூனைக்குத் தண்ணீர் வைத்தேன்.

அந்தப் பூனைதான்
நடுச்சாமத்தில் பால்சட்டியின் மூடியைத் தட்டிவிட்டது.
நான் எழும்பவில்லை, உறைந்தேன்.
கைகள் தாமாக விரிந்து பாயை அழுத்தின.
மூடி சீமெந்து நிலத்தில்
விளிம்பால் சுழன்று சுழன்று
பெரிய வட்டம், சின்ன வட்டம்,
பிறகு மிகச் சின்னதாய்,
நிலத்தோடு ஏதோ அவசரமாய்ப் பேசி
முடித்தது.

ஓடிப்போய் அமத்தியிருக்கலாம்.
அது தானாய் அடங்கட்டும் என்று
படுத்தபடி
கடைசிவரை கேட்டேன்.