ஒற்றை உகரம்

உசிலம்பட்டி இ-சேவை மையம், மூன்றாவது கவுண்ட்டர்.
கரண்ட் போய் வந்து
பிரிண்டர் இருமிக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை.
கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பிறை ஓட்டை வழியாக
ஆதார் அட்டை ஒன்று உள்ளே வந்தது,
பிறகு ஒரு விரல்,
பிறகுதான் குரல்:
‘பேரு தப்பா இருக்கு, பாரும்மா.’

பார்த்தேன்.
போதம்பொன்னு.

ரேஷன் கார்டில் போதும்பொண்ணு.
நான்காவதாகப் பிறந்தவள்;
இந்தப் பக்கம் விளக்கம் தேவைப்படாத பெயர்.
எவனோ அதை இங்கிலீஷில் அடித்திருக்கிறான்,
அங்கிருந்து மெஷின் தமிழுக்குத் திரும்பியிருக்கிறது.
வழியில் ஓர் உகரம் உதிர்ந்து
மூன்று சுழி இரண்டு சுழியாகி
வீடு வந்து சேரும்போது
கையில் ஞானம், இடுப்பில் தங்கம்.

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.
‘அக்கா, இதுவே நல்ல பேராத்தான இருக்கு.
போதம்னா அறிவு.
மத்த பேப்பரையெல்லாம் இதுக்கு மாத்திருவோமா?
கெஜட்டுக்கு நானே எழுதித் தர்றேன்.’

அவள் முடியில் மில் பஞ்சு ஒட்டியிருந்தது.
சிரித்தாளா முறைத்தாளா,
கண்ணாடியில் டியூப்லைட் விழுந்து தெரியவில்லை.

‘எனக்கா வச்சாக அந்தப் பேர?
சாமிக்குச் சொல்லிவிட்ட தாக்கல் அது.
சாமி கேக்கல, எனக்கப்புறமும் ரெண்டு பொட்டப்புள்ள.
பள்ளிக்கொடத்துல சோத்துக்குத் தட்ட நீட்டுனா
போதுமா போதுமான்னு சிரிப்பாளுக.
அப்புறம் ஒருநா ராத்திரி
பெல்ட்டக் கழட்டுன ஆளுகிட்ட
ஒரே ஒரு சொல்லுதான் சொன்னேன்,
எம்பேருல பாதி.
மறுநா வெள்ளன ஆண்டிபட்டி பஸ்ஸு, கையில ஒரு கட்டப்பை.
வட்டிக்காரன் வாசல்ல வந்து நின்னப்பவும் அதே சொல்லுதான்.
அப்பத்தான் அது எம்பேரு ஆச்சு.
அதப்போயி அறிவுன்னு மாத்திவிட்டா
நான் எங்கிட்டு நிக்கிறது?’

கீபோர்டில் விரல் நின்றது.

போன வாரம் ஒரு பையன், ஹாலந்துக்குப் போகிறவன்.
குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் நகரவில்லை,
பல்லைக் கடித்துக்கொண்டு அப்பன் பெயரைப் போட்டான்.
ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அப்பன்.
இனி அந்தக் குளிரில் யார் யாரோ
ஓஷாபன், ஓஷாபன் என்று கூப்பிடுவார்கள்,
இவன் திரும்பிப் பார்ப்பான்.

நானும்தான்.
மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன்.
எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம்,
அதில் தண்ணீருக்குப் பெயர் பனி.
மூன்றாம் வகுப்பில், ஜூன் வெயிலில்,
‘பனி வேணும் டீச்சர்’ என்று எழுந்து நின்றேன்.
வகுப்பு சிரித்து ஓய மணியடிக்க வேண்டியிருந்தது.
மறுநாளிலிருந்து அந்தச் சொல்லைத்
தெரு முனையில் இறக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.
கழுத்து அட்டையில் இப்போது ஆர். ரேணுகா.
எங்கள் வீட்டுப் பெயர் ஒன்று இருக்கிறது,
அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

து. பின்னோக்கி அழித்து மறுபடி அடித்தேன்.
தகரத்துக்குக் கீழே அந்தச் சின்னக் கொக்கி
மாட்டிக்கொண்டது.
மூன்று சுழிக்கு ஷிஃப்டை அழுத்தினேன்.
திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்ட,
எழுத்தெழுத்தாக விரல்வைத்து வாசித்தாள்,
மெதுவாக, பாக்கியை எண்ணிப் பார்க்கிறவள்போல.

‘கணவர் பெயர்?’
படிவம் கேட்கிறது, நான் கேட்டேன்.
‘போதும்’ என்றாள்.
கட்டத்தைக் காலியாக விட்டு எண்டர் தட்டினேன்.
சிவப்பு எழுத்தில் சர்வர் ஏதோ முணுமுணுத்தது,
இரண்டாம் முறை தட்டியதும் விட்டுவிட்டது.

ரசீதை மடித்து ஜாக்கெட்டில் செருகியவள்
காலி பாட்டிலை ஓட்டை வழியாக நீட்டினாள்:
‘கொஞ்சம் குடிக்க இருக்காம்மா?’

‘பனியா?’ என்றேன்,
முப்பது வருடத்துக்குப் பிறகு, வாய் தவறி.

அவள் சிரிக்கவில்லை.
‘ஆமா, அதுதான்’ என்றாள்.