அளந்த காற்று

முதலில் ஒரு ரப்பர் குழாயைத்தான் மாற்றினேன்.
வெடித்திருந்தது. கடையில் நீலச் சிலிக்கான்தான் இருந்தது
என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டேன்.
பிறகு இன்டர்கூலர்.
பிறகு மூன்று அங்குலப் புகைக்குழாய்.
ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து
நவம்பர் இருட்டுவதற்குள்
டர்போவையே கடித்தாயிற்று.

பழைய வால்வோ. நீள முதுகு.
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.
பின்னால் கையுறைப் பெட்டிகள், பெரியவர்களுக்கான டயப்பர்,
ஒரு பனிவாரி, நான் சாப்பிட மறந்த ரொட்டி.
வீடு வீடாகப் போய் உடல் பார்க்கும் வேலை எனக்கு;
யெல்லிவாரேயைச் சுற்றி ஒன்பது வீடுகள்.
நகராட்சி தரும் மின்கார்
மைனஸ் முப்பத்திரண்டில் பாதி வழியில் யோசிக்கும்.
என்னுடையது யோசிக்காது. குடிக்கும்.

முன்னூறு குதிரை என்கிறான் எஸ்கில்.
பனி ஒதுக்கும் லாரிக்குப் பின்னால்
முன்னூறும் நாற்பதில் நடக்கின்றன.
சாலை நடுவில் ஒரு கலைமான் நின்று
எங்கள் எல்லோரையும் எண்ணிப் பார்க்கிறது.

ஆனால் ஏரியை ஒட்டி ஒரு நேர்ச்சாலை உண்டு,
நான்கு கிலோமீட்டர்.
மூன்றாம் கியரில் மிதித்தால்
ஒரு கணம் ஒன்றும் நடக்காது.
அந்த ஒன்றும் நடக்காத கணத்துக்காகத்தான்
அவ்வளவு காசும்.
பிறகு முதுகில் ஒரு கை.

வளைவில் மிதியை விட்டதும்
வால்வு திறந்து காற்று வெளியே பாயும்:
ப்ஷ்ஷ்ஷ்.
நாற்பத்தாறு வயதுக்கு ஒவ்வாத சத்தம்.
தெரிந்தேதான் வாங்கினேன்.

கியர் மாற்றும்போதெல்லாம் கார் இடறியது,
கரும்புகை கக்கியது.
எஸ்கில் தலையை பானெட்டுக்குள் விட்டபடி சொன்னான்:
அளந்த காற்று இது.
உள்ளே வரும்போதே இன்ஜின் எண்ணிவிட்டது,
அதற்கேற்ற பெட்ரோலையும் தெளித்துவிட்டது.
நீ தெருவில் கொட்டினால்
கணக்கு உதைக்கத்தானே செய்யும்?

கணக்கு எனக்குத் தெரியாதா.
மருந்து: ஐந்து நிமிடம்.
குளியல்: இருபது.
இறுக்கக் காலுறை: நான்கு.
கதவு திறந்ததும் கைபேசி எண்ணத் தொடங்கும்.
சொல்வெய்க் வீட்டில் காலுறை ஏற்றி முடித்து
நான் சும்மா உட்காரும் ஏழு நிமிடம்
எந்தப் பட்டியலிலும் இல்லை.
அதை ஏரிக்கரைச் சாலையில்தான்
திருப்பி எடுக்கிறேன்.

சொல்வெய்குக்கு ஐம்பத்தெட்டு.
செம்புச் சுரங்கத்தில் வீடளவு லாரி ஓட்டியவள்.
இப்போது கோப்பை கையில் நிற்பதில்லை.
என் வண்டி பற்றி அவள் ஒரே ஒரு முறை கேட்டாள்,
பூஸ்ட் எவ்வளவு என்று.
சொன்னேன். குறைவு என்றாள்.

ஜனவரியில் எஸ்கில் வேறு வால்வு போட்டான்;
காற்றைத் திரும்ப உள்ளுக்கே அனுப்பும் வகை.
புகை நின்றது. இடறல் நின்றது.
வருடாந்திரச் சோதனையில் ஒரு கேள்வியும் இல்லை.
வண்டி பூனைபோல் போயிற்று.

செவ்வாய்க்கிழமை அவள்
சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.
தலை வாரவில்லை. கட்டில் தட்டையாக.
திருடி மாதிரி வருகிறாய், என்றாள்.
காலுறை ஏற்றினேன். நான்கு நிமிடம்.
உட்காரச் சொல்லவில்லை.

எனக்குப் புரிய வியாழன் ஆயிற்று.
வளைவில் அந்த அசட்டுச் சத்தம் கேட்டதும்தான்
அவள் பொத்தானை அழுத்திக் கட்டிலை நிமிர்த்தி,
விரல்களால் முடியை ஒதுக்கி,
ஓட்டுநர் இருக்கையில் ஏறுபவள் போல்
எனக்காக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.
படுத்தபடி யாரையும் எதிர்கொண்டதில்லை அவள்.

பழையதைப் போடு, என்றேன்.
இடறும், என்றான் எஸ்கில்.
இடறட்டும்.
ஸ்பேனரைத் தேடியபடி
என்னைப் பற்றித் தன் நாயிடம் ஏதோ சொன்னான்.
அறுநூறு குரோனர் வாங்கிக்கொண்டான்.

ஆறு இருபது. இன்னும் விடியவில்லை;
இங்கே விடிவதும் பெரிதாக ஒன்றுமில்லை.
வளைவில் மிதியை விடுகிறேன்.
ப்ஷ்ஷ்ஷ்.
வெண்பனி மேல் ஒரு கரும்பூச்சு, பெட்ரோல் நெடி.
மஞ்சள் ஜன்னலில் ஒரு தலையின் நிழல்
மோட்டார் வேகத்தில், மெல்ல, உயர்கிறது.

கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது.
அது பிப்ரவரிச் சம்பளத்தின் கவலை.