ஒரு மீட்டர் சட்டம்

கூக்கால் ஏரிக்கு மேலே, சீகைக் காட்டில்
நாலு மூங்கில் குச்சி கட்டிய சட்டத்தைத்
தரையில் போட்டு எண்ணுகிறேன்.
தாளில் இரண்டே பத்தி: நம்முடையது, வந்தேறி.

வேலப்பன் கோடரியைத் தீட்டுகிறார்.
மரக்கணக்கில் கூலி.
"புல்லத் தின்னுச்சு, ஓடையக் குடிச்சிருச்சு,
வெட்ட வேண்டியதுதானே?"

சரி என்றுதான் குனிந்தேன்.
சட்டத்துக்குள் ஏழு காட்டுநாவல் கன்று,
விரலுயரத்தில் ஒரு செண்பகம்.
உறைபனி இறங்காத நிழலில்
ஒன்றின் இலைகூடக் கருகவில்லை.

எதிர்ச்சரிவைப் போன வருஷம் மொட்டையடித்தோம்.
அங்கே இதே சட்டத்துக்குள்
சீகை நாற்று மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு;
மழை வந்ததால் நிறுத்திவிட்டேன்.

மூலையில் காட்டுமாட்டுக் குளம்படி,
தேங்கிய நீரில் நகமளவு தவளை.
இதை எந்தப் பத்தியில் எழுத?

"இந்தக் கன்னையெல்லாம் யாரு நட்டது?"
வேலப்பனும் குனிந்துவிட்டார்.
தலைக்குமேல் சீகைக் கிளையில்
சோலைப் பழம் தின்று வந்த கொண்டைக்காரன்
கொட்டையை எச்சத்தோடு உதிர்த்துவிட்டுப் பறந்தான்.

இரண்டு பத்திக்கும் நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்:
நட்டது, சின்னான்.

வேலப்பன் எட்டிப் பார்த்து,
கோடரியை மரத்தில் சாய்த்துவைத்தார்.
"அவனுக்கு என்ன கூலி?"