கையை எடு

சிலியின் வடக்கே, இக்கிகேயில் மழை பெய்யாது.
ஏழாம் வகுப்பு ஜன்னலில்
வெயில் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும்.
அதற்குத்தான் கறுப்புத் துணி, துணிக்கு மேல் அட்டை,
அட்டையின் ஓட்டைக்கு யானாராவின் கணக்கு நோட்டு.

இருபத்திரண்டு பேர், நான்கு மேசை, நான்கு செல்போன்.
மூன்றாம் மேசையில்
களிமண் நாய் ஒன்று ரொட்டிக் கடைக்குப் போகிறது.
நொடிக்குப் பன்னிரண்டு படம்.
காலை ஓர் அரிசியளவு நகர்த்து.
கையை எடு.
க்ளிக்.
வாலை மறந்துவிட்டாய். கையை எடு. க்ளிக்.

முதல் வாரம் நாய் பறந்தது.
நிறைய நகர்த்தினால் பறக்கும் என்று நான் சொல்லவில்லை,
பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.
இரண்டாம் வாரம் பெனிசியோவின் சிவப்பு விளையாட்டுச் சட்டை
நாயின் முதுகில் எரிந்து எரிந்து அணைந்தது.
மூன்றாம் வாரம் எல்லோரும் கறுப்பில் வந்தார்கள்.
எழவு வீடா என்றார் தலைமையாசிரியர்.

எத்தனை கை வேலை செய்தாலும்
ஒரு கையும் தெரியக் கூடாது.
நான் வைத்த ஒரே விதி.
பிறகு அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
டாங்கோ யானாராவை அதட்டினான், யானாரா மியராயை,
மியராய் தன் கையையே.

நூற்று நாற்பத்தாறாவது படம் வரை
எல்லாம் ஒழுங்கு.

முதலில் விளக்கு ஆடியது.
இந்த ஊர்ப் பிள்ளைகள் நிலநடுக்கத்துக்கு அலறுவதில்லை,
விளக்கைப் பார்த்து எண்ணுவார்கள்.
ஒன்று. இரண்டு.
மூன்றில் மேசை நடக்கத் தொடங்கியது.
நாலைந்து மூச்சுதான்.
பிறகும் அலமாரிக் கண்ணாடி மட்டும்
கொஞ்ச நேரம் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றும் உடையவில்லை. பசை டப்பா கவிழ்ந்தது.
நாய் நின்ற இடத்தில் நின்றது.

மாலையில் ஓட்டிப் பார்த்தோம்.
நாய் நடக்கிறது, நடக்கிறது,
இமைப்பொழுது ஏதோ வெளிச்சம் புரள்கிறது,
தெரு ஒரு விரற்கடை தள்ளிக் கிடக்க
நாய் நடக்கிறது.
நிறுத்துங்கள் என்றாள் மியராய். பின்னால் போங்கள்.

நூற்று நாற்பத்தேழு.
பெனிசியோவின் விரல் பயத்தில் அழுத்திய படம்.
முழுக்கக் கைகள்.
ரொட்டிக் கடையை ஒன்று, தெருவிளக்கை ஒன்று,
நாயின் வயிற்றுக்கடியில் இரண்டு,
பாதி உரிந்த நீல நகப்பூச்சு,
பேனா மை, கடித்த கட்டைவிரல்.
ஐந்து பேருக்கு ஒன்பது கை.
பத்தாவது பொத்தானில் இருந்தது.

அழித்துவிடலாமா என்றேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
டாங்கோ ஒவ்வொரு கையாய்த் தொட்டுப் பெயர் சொல்லி வந்தான்:
இது நான், இது யானாரா, இது எலியாஸ், இது மறுபடி நான்.
பிறகு திரும்பி, குற்றம் சாட்டும் குரலில் அல்ல,
வருகைப் பதிவில் விட்டுப்போன பெயரைக் கேட்பதுபோல்,
டீச்சர், உங்களுடையது?

நான் வாசலில் நின்றிருந்தேன்.
கதவைத் திறந்து பிடித்திருப்பது என் வேலை,
சுவரில் ஒட்டியிருக்கிறது.
சொன்னேன்.
ஆமாம் டீச்சர் என்றான்.

டிசம்பரில் பெற்றோருக்குத் திரையிட்டபோது
மூன்றாம் மேசைக்காரர்கள் மட்டும்
அந்த இடம் கடக்கும்வரை கண் சிமிட்டவில்லை.
நாய் கடையை அடைந்தது. கடை மூடியிருந்தது,
அது அவர்கள் எழுதிய முடிவு.