கட்டுச்சோறு

பதினாறு, இருபத்தைந்து, முப்பது என்று
மூன்று கேன்களைத் தார்ப்பாயில் வைத்திருந்தான்.
மூன்றிலும் ஒரே இளஞ்சிவப்பு, இருமல் மருந்து நிறம்.
"முப்பதை எடு செஞோரா, ராக்கெட்"
என்றான் எவாரிஸ்தோ,
பழைய டயர்களுக்கும் பாதிரியார் அங்கிகளுக்கும்
நடுவில் உட்கார்ந்தபடி.

நைட்ரோ எத்தனை சதவீதம் என்று எல்லாரும் கேட்பார்கள்.
எண்ணெய் எவ்வளவு என்று கேட்டேன்.
வானத்தைப் பார்த்தான்.

மூன்று நாணயங்களை வெயிலில் வைத்து
ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு விட்டேன்.
மெத்தனால் முதலில் போனது,
சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் விருந்தாளி.
பின்னாலேயே நைட்ரோ.
கடைசியில் எது தங்குகிறதோ அதுதான்
நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றில்
என் பிஸ்டனோடு தனியாக இருக்கப் போவது.
முப்பதின் நாணயம் துடைத்த தட்டு.
இருபத்தைந்தில் விரல் வழுக்கியது, விளக்கெண்ணெய் வாசம்.
பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும்,
எனக்கு இந்த ஒரு வழுக்கல் போதும்.

இது எல் ஆல்தோ. நாலாயிரம் மீட்டர்.
தண்ணீர் எண்பத்தாறு டிகிரியிலேயே கொதித்து ஏமாற்றும்,
உருளைக்கிழங்கு உள்ளே கல்லாகவே இருக்கும்.
எஞ்சின் தலையில் எச்சில் தொட்டுச் சூடு பார்க்கும்
கீழ்நாட்டுக் கணக்கு இங்கே பொய்.
காற்று உண்டு,
பந்தியில் கடைசி ஆளுக்கு விழும் பாயசம் அளவு.
அதனால்தான் நைட்ரோ:
தன் மூச்சைத் தானே கட்டுச்சோறாகக்
கட்டிக்கொண்டு வருகிற எரிபொருள்.

ஞாயிறு. விமான நிலையச் சுவரோரம், மண் தடம்.
சாந்தா குரூஸிலிருந்து ரோஹெலியோ வந்திருந்தான்.
புதுக் கார், புதுத் தொப்பி, நீல உதடு.
அவன் ஊரில் மூச்சு இலவசம். கேனில் பதினாறு.
கார் இரண்டு திருப்பம் ஓடித்
தொண்டையைக் கனைத்து நின்றது.
ஊசியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்,
குளோ பிளக்கை மாற்றினான்,
பிறகு டயர் மேல் உட்கார்ந்து
காரைப் போலவே இரைத்தான்.

ஆழம் தெரியாமல் காலை விட்டால் ஈரமாவது மிஞ்சும்.
உயரம் தெரியாமல் ஊற்றினால்
அதுவும் இல்லை.

என் கேனில் பாதியை அவனுக்கு ஊற்றினேன்.
சும்மா இல்லை, வாங்கியதற்கு மூன்று மடங்கு.
கட்டுச்சோற்றுக்கு விலையா என்பவர்கள்
ஒரு கனெக்டிங் ராட் என்ன விலை என்று
விசாரித்துவிட்டு வரட்டும்.
ஊசியைக் கால் சுற்று மூடச் சொன்னேன்.
அது மட்டும் இலவசம்.

ஜெயித்தது அவன்.
எட்டு நொடி பின்னால் நான், நீலப் புகையோடு.
கோப்பையைத் தலைக்கு மேல் தூக்க மூச்சு போதாமல்
மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்,
யாரோ தந்துவிட்டுப் போன குழந்தைபோல.

மினிபஸ்ஸில் பணத்தை இரண்டு தடவை எண்ணினேன்.
கையெல்லாம் எண்ணெய்.
நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
பிரிய மறுத்தன.