கைகாட்டியவன்

ஆண்டுக்கொரு இரவு நான் சமுத்திரராசன்.
மற்ற நாளெல்லாம் மண்டபத்து ஐஸ் கம்பெனியில்
கட்டி உடைக்கிற நம்புராஜன்.
நீலப்பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து
கழுத்துவரை பூசிவிடுவார் சித்திரவேலு.
காதுமடலுக்குள் போன நீலம்
அடுத்த வெள்ளி வரை கிடக்கும்.

சேதுக்கரை மணலில் மேடை.
ராமர் வேஷம் அபிராமம் சேதுமாணிக்கம்.
திருப்புல்லாணியில் கல்லாய்க் கிடப்பவர் போலவே
தலைக்குக் கை கொடுத்துத் தர்ப்பையில் படுத்துவிடுவார்.
முதுகுவலிக்காரர்; அந்தப் படுக்கை
அவருக்கு நிஜமாகவே சுகம்.
மூன்று நாள் கிடந்தார் என்று பாடும் ஆர்மோனியம்.
எங்களுக்கு அது இருபது நிமிடம்,
டீக்காரன் இரண்டு சுற்று வருகிற நேரம்.

அதுவரை நான் வரக் கூடாது.
வராமல் இருப்பதுதான் என் பாத்திரம்.
லாரி டியூபில் செய்த மகரத்தின் மேல்
பற்றவைக்காத பீடியோடு திரைக்குப் பின்னால் இருப்பேன்.
என் முதுகுக்குப் பின்னால் நிஜக் கடல்,
வந்து வந்து
வராமல் போகும்.

அவர் எழுவார். வில் வளையும். சரவெடி.
மீன்கள் வேகிறதென்று பெண்குரலில் ஓர் ஓலம்.
நான் கைகூப்பி ஓடி வந்து
காலில் விழுந்து, வழி தருகிறேன் என்பேன்.
தொடுத்த அம்பு திரும்பாதே, எங்கே விட என்பார்.
வடக்கே தீயவர் வாழும் சீமை ஒன்று உண்டு சாமி
என்று வலக்கையை நீட்டுவேன்.
அம்பு போகும். கைதட்டல்.
வால் முளைத்த பையன்கள் தெர்மாகோல் பாறைகளோடு
குதித்து வருவார்கள். அத்தோடு என்னை
யாரும் பார்ப்பதில்லை.

பதினாறு வருஷம் நீட்டினேன் இந்தக் கையை.

போன மாசியில் ஐஸ் வண்டி பஞ்சர்.
டிரைவர் டயரை உருட்டிக்கொண்டு போனான்.
நிழல் தேடி உடைமரக் காட்டுக்குள் நடந்தால்
கூரையற்ற மண்டபம், ஆட்டுப் புழுக்கை,
நாலு தூண். மூன்றாவதில் நான்.

காலடியில் மகரம். கிரீடத்தில் சங்கு.
உப்புக்காற்று மூக்கைத் தின்றிருந்தது.
கும்பிடவில்லை அந்தக் கல் ராசன்.
இடக்கை நெஞ்சில்; வலக்கை நீண்டு
தூணின் விளிம்பில் மடங்கி
அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது.

நானும் திரும்பிப் போனேன் அந்தக் கையோடு.

அங்கே விரல்நுனிக்குக் கீழே
சாண் அகலத்தில் ஒரு பெண்
ஆட்டில் பால் கறந்துகொண்டிருக்கிறாள்.
கலயம் பாதிதான் நிறைந்திருக்கிறது.
முழங்காலைப் பிடித்து நிற்கும் பிள்ளை
அண்ணாந்து பார்க்கிறது.
கோரைப்பல் இல்லை. கொம்பு இல்லை.
நானூறு வருஷமோ எத்தனையோ
அம்பு இன்னும் அவர்கள்மேல் விழவில்லை.
செதுக்கியவன் அதைச் செதுக்காமல் விட்டிருந்தான்.

இந்த வருஷம் வசனம் வரை சரியாகத்தான் வந்தேன்.
வடக்கே என்றேன்.
தீயவர் என்ற சொல் வரவில்லை.
கூப்பிய கை பிரியவில்லை,
பூசிய எண்ணெய் பிசினாகிவிட்டது போல.
ஆர்மோனியம் அதே அடியை மூன்று தடவை வாசித்தது.
வில்லைப் பிடித்த சேதுமாணிக்கத்தின் தோள் நடுங்கியது.
"காட்டுடா," என்றார் உதடு அசையாமல்,
"காட்டித் தொலைடா, இடுப்பு போகுது."
முன்வரிசையில் ஒரு குழந்தை
அண்ணாந்து பார்த்தது.

அம்பு மூங்கில். வெள்ளித்தாள் சுற்றியது.
ஓடுவதற்கு நைலான் கயிறு.
கயிற்றின் மறுமுனையைச் சாயங்காலமே
வடக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள்.

நான் காட்டவில்லை.
அது போனது.
கைதட்டினார்கள்.

விடியலில் கணக்கு முடித்த ஏஜெண்டு
கூத்தைக் கெடுத்ததற்கு நூறு ரூபாய் பிடித்தார்.
மிச்சத்தை வாங்க
அதே கையைத்தான்
நீட்ட வேண்டியிருந்தது.